முதலிடம் பிடித்த அணிக்கு என்ன மிச்சம்? லீக் நசியோனால் து ரக்பிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள், லீக் நசியோனால் து ரக்பி, பாரிஸ்

11-13. 2025 ஜூன் நடுவில், கிரெனோபிளின் ஸ்தாத் தெஸ் ஆல்ப் மைதானத்தில் முடிந்த நுழைவுப் போட்டியின் ஸ்கோர் அது. பிரான்ஸ் ரக்பியின் இரண்டாம் அடுக்கான ப்ரோ டி2-வில் 30 சுற்று ஆடி முதலிடம் பிடித்த கிரெனோபிள், முதல் அடுக்கான டாப் 14-இல் 13ஆம் இடத்துக்குச் சறுக்கி வந்த பெர்பிஞானிடம் இரண்டே புள்ளியில் தோற்று, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முந்தைய ஆண்டு அதே மைதானம், அதே போட்டி, மோன்பெலியேயிடம் 18-20. அதற்கும் முந்தைய ஆண்டு பெர்பிஞானிடமே 19-33. மூன்று தடவையும் இறுதிப் போட்டியில் தோற்ற காயத்தோடுதான் இந்த ஆட்டத்துக்கு வந்தார்கள். 2023இல் ஒயோனாவிடம் 3-14, 2024இல் பிரத்தாஞ் பகுதியின் வான் அணியிடம் 9-16, 2025இல் மோந்தோபானிடம் 19-24.

இது கிரெனோபிளுக்காக அழும் மடல் அல்ல. எங்களில் பாதிப் பேருக்கு அந்த அணியின் ஆட்டம் பிடிக்கவே பிடிக்காது. பிரான்சின் இரண்டாம் அடுக்கு ரக்பியை வாரா வாரம் பார்த்து, புள்ளிக் கணக்கை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, அதைத் தமிழில் பேசுகிறவர்கள் நாங்கள். மூன்று ஆண்டு இப்படி நடந்த பிறகும், இந்த இரண்டு அடுக்கையும் நடத்தும் நீங்கள் 2025-26 சீசனுக்கும் அதே விதியை அப்படியே தூக்கி வைத்திருக்கிறீர்கள். அதைக் கேட்காமல் விட மனமில்லை.

உங்கள் விதி உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்காக ஒரு பத்தி. ப்ரோ டி2-வில் 16 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பதினைந்தோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 30 ஆட்டம் ஆடும். வெற்றிக்குப் பட்டியலில் 4 புள்ளி, சமன் என்றால் 2. எதிரணியைவிட மூன்று ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் பதிப்பது) கூடுதலாக வைத்து ஜெயித்தால் போனஸாக ஒன்று. தோற்றாலும் ஆட்ட ஸ்கோரில் 5 புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் அதற்கும் ஒன்று. முதல் ஆறு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும். 3ஆம் இடம் 6ஆம் இடத்தோடும், 4ஆம் இடம் 5ஆம் இடத்தோடும் மோதும். முதல் இரண்டு இடத்தவர் நேரே அரையிறுதியில், சொந்த மண்ணில். இறுதிப் போட்டி பொது மைதானத்தில். அதில் ஜெயித்தவர் டாப் 14-க்கு ஏறுவார். அங்கே கடைசியாக வந்த 14ஆம் அணி இறங்கும். இறுதியில் தோற்றவர், டாப் 14-இல் 13ஆம் இடம் வந்த அணியைத் தன் ஊருக்கு அழைத்து ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஜெயித்தால் இருவரும் அடுக்கு மாறுவார்கள். இல்லாவிட்டால் ஒன்றும் மாறாது. 2017-18 சீசனிலிருந்து இதுதான் முறை.

அதற்கு முன்னால் வேறு முறை இருந்தது. பட்டியலில் முதலில் வந்தவரே சாம்பியன், அவர் நேரே மேலே போய்விடுவார். 2ஆம் இடம் முதல் 5ஆம் இடம் வரை வந்தவர்கள் தங்களுக்குள் மோதி இன்னொருவரை அனுப்புவார்கள். மேலிருந்து இரண்டு அணிகள் இறங்கும். அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. முதலிடம் உறுதியான அணி கடைசி நாலைந்து வாரம் இரண்டாம் வரிசை ஆட்களை இறக்கி ஒப்பேற்றும் வழக்கமும் இருந்தது. ஆனால் 30 சுற்றுக்கு ஒரு பொருள் இருந்தது. இன்று 30 சுற்றில் முதலிடம் வந்தால் கிடைப்பது இரண்டு: ஒரு வார ஓய்வு, சொந்த மண்ணில் ஒரு அரையிறுதி. இரண்டாம் இடத்துக்கும் அதுவே கிடைக்கிறது. அப்படியென்றால் முதலிடத்துக்கென்று தனியாக நீங்கள் எழுதி வைத்திருக்கும் பரிசு எது?

நம்மூர்க் கல்லூரி மாணவர் பாஷையில் சொன்னால், டாப் 14-இல் 26 சுற்றிலும் தேறாமல் 13ஆவதாக வந்தவருக்கு நீங்கள் அரியர் எழுத ஒரு வாய்ப்புத் தருகிறீர்கள். ப்ரோ டி2-வில் 30 தாளிலும் முதல் மதிப்பெண் வாங்கியவரைக் கூப்பிட்டு, மறுபடி இரண்டு தாள் எழுது, அதில் இரண்டாவது தாள் சறுக்கினால் மூன்றாவதையும் எழுது என்கிறீர்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 5 புள்ளிக்குள் தோற்றால் ஒரு போனஸ் என்று விதி வைத்தவர்கள் நீங்கள்தான். நெருக்கமான தோல்விக்கும் மதிப்புண்டு என்பது அதன் தத்துவம். 2025 இறுதியில் கிரெனோபிளின் தோல்வி சரியாக 5 புள்ளி. நுழைவுப் போட்டியில் 2. முந்தைய ஆண்டு நுழைவுப் போட்டியிலும் 2. இதே மூன்று தோல்விகள் அக்டோபரில் வந்திருந்தால் பட்டியலில் மூன்று போனஸ் புள்ளி ஏறியிருக்கும். ஜூனில் வந்ததால் இரண்டு சீசன் போயிற்று.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எங்களுக்குத் தெரியும். முதல் மூன்று நுழைவுப் போட்டியிலும் கீழ் அணிதானே ஜெயித்தது என்பீர்கள். உண்மைதான். 2018இல் கிரெனோபிள் ஒயோனாவை வென்று ஏறியது. 2019இல் பிரீவ் அதே கிரெனோபிளை வென்று ஏறியது. 2020இல் பெருந்தொற்றால் சீசனே பாதியில் நின்றது. 2021இல் பியாரிட்ஸும் பயோனும், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், கூடுதல் நேரம் ஆடியும் 6-6. கடைசியில் கோல் கம்பத்துக்கு நேரே ஆளுக்கொரு உதை என்று போய் 6-5 கணக்கில் பியாரிட்ஸ் ஏறியது. அந்த மாலையை ரக்பி என்பதா சூதாட்டம் என்பதா என்று இன்றைக்கும் பாஸ்க் பகுதியில் சண்டை போடலாம். அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் மோந்-து-மார்சான் பெர்பிஞானிடம் 16-41. பிறகு கிரெனோபிளின் மூன்று தோல்விகள். தொடர்ந்து நான்கு ஆண்டு மேல் அணியே தப்பியிருக்கிறது. அதில் மூன்று தடவை தப்பியது பெர்பிஞான். அவர்கள் மேல் குற்றம் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் யாரும் நுழையத்தான் செய்வார்கள்.

ஓய்வு நாள் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே என்றும் சொல்வீர்கள். நாள் கணக்கில் அது சரி. சுமைக் கணக்கில் சரியில்லை. 2025இல் கிரெனோபிளுக்கு அது 33ஆவது ஆட்டம்: 30 சுற்று, அரையிறுதி, இறுதி, பிறகு இது. 13ஆவதாக வந்த அணிக்கு லீக் கணக்கில் 27ஆவது. ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தாலும், அங்கே முன்னணி வீரர்களை உட்கார வைத்துவிட்டு இளையவர்களை அனுப்பலாம். இறுதிப் போட்டிக்கு அப்படி அனுப்ப முடியுமா? மனக்கணக்கு இதைவிட மோசம். 13ஆம் இடத்தில் தத்தளிக்கும் அணிக்குப் பல வாரம் முன்பே தெரியும், நமக்கு இந்த ஆட்டம் வரப்போகிறது என்று. அதற்கென்றே தயாராகலாம். இறுதியில் தோற்றவருக்கு அந்த விசில் ஊதும் வரை தெரியாது. தோற்ற அன்றிரவு அழுத கண்ணோடு பஸ் ஏறி, திங்கட்கிழமை காலை புது எதிரியின் லைன்அவுட் (பக்கக் கோட்டிலிருந்து எறியும் பந்தைப் பிடிப்பது) வீடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆட்டக் களத்தில் இது எங்கே வெளிப்படும் தெரியுமா? 55ஆவது நிமிடத்துக்குப் பிறகு, இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் பின்னிக்கொண்டு பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரமில். ஆட்டப் பட்டியலில் 23 பேர். 15 பேர் களத்தில், 8 பேர் பெஞ்சில். அந்த எட்டில் மூவர் முன்வரிசைக்காரர்களாக இருந்தே ஆக வேண்டும். அதாவது இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர். அதிலும் 3ஆம் எண் ப்ராப் இருக்கிறாரே, வலப்பக்கம் நின்று எதிரணியின் ப்ராப், ஹூக்கர் இருவரின் அழுத்தத்தையும் ஒற்றைக் கழுத்தில் வாங்குகிறவர், பிரான்சில் அவர்தான் சந்தையில் கிடைக்காத சரக்கு. டாப் 14 அணியிடம் அந்த இடத்துக்குத் தேறிய ஆட்கள் மூவர் நால்வர் இருப்பார்கள். ப்ரோ டி2 அணியிடம் ஒருவர் இருப்பார். இரண்டாமவர் அகாடமியிலிருந்து வந்த பையன், அல்லது 36 வயதுக்காரர். 33ஆவது ஆட்டத்தில் முதல் ஆள் 55ஆவது நிமிடம் வெளியேறியதும் ஸ்க்ரம் ஒரு பக்கம் மடியும். நடுவர் கை தூக்குவார். பெனால்டி, மூன்று புள்ளி. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்துக்கு அப்படி ஒரு விசில் போதும்.

அடுத்தது ஆள் சேர்ப்பு. இதைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. கிளப் அலுவலகங்களில் வேறு பேச்சே கிடையாது. வீரர் ஒப்பந்தங்கள் ஜூன் 30-இல் முடிகின்றன. அடுத்த சீசனுக்கான நல்ல ஆட்களின் கையெழுத்து குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ஆகவே மேலே ஏற வாய்ப்புள்ள ஒரு ப்ரோ டி2 கிளப் டிசம்பரிலிருந்து இரண்டு பட்டியலை வைத்துக்கொண்டு திரிய வேண்டும்: ஏறினால் யார், ஏறாவிட்டால் யார். பட்ஜெட்டும் இரண்டு. தொலைக்காட்சிப் பங்கு, விளம்பரப் பலகை, விருந்தினர் மேசை விற்பனை எல்லாம் அடுக்குக்கு அடுக்கு வேறு. நிதிக் கண்காணிப்புக் குழு முன்னால் கணக்கை வைக்கும் காலமும் இதே ஜூன்தான். வீரர்களின் ஒப்பந்தத்தில் “அணி ஏறாவிட்டால் விலகலாம்”, “இறங்கினால் விலகலாம்” என்ற பிரிவுகள் இருக்கும். ஜூன் நடுவில் ஒரு மாலை ஆட்டம் முடிந்த கையோடு இரண்டு கிளப்பிலும் அந்தப் பிரிவுகள் ஒன்றாக உயிர்பெறும். எஞ்சியிருப்பது இரண்டு வாரம். அதற்குள் அவரவர் ஏஜென்ட் போன் அடித்து முடித்திருப்பார்.

ஏறியவர்களின் கதையையே பாருங்கள். 2018 சாம்பியன் பெர்பிஞான் அடுத்த ஆண்டே கடைசியாக வந்து இறங்கியது. 2021இல் மறுபடி சாம்பியன்; அடுத்த ஆண்டு 13ஆம் இடம். 2023 சாம்பியன் ஒயோனா 2024இல் கடைசி. 2024 சாம்பியன் வான், பிரத்தாஞ் பகுதியிலிருந்து டாப் 14-க்கு வந்த முதல் அணி, 2025இல் கடைசி. 2022இல் ஏறிய பயோன் காலூன்றியது. ஏறியவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஜூன் தொடக்கத்தில் ஏறியதை அறிந்து, செப்டம்பர் முதல் வாரத்தில் டாப் 14 ஆடத் தொடங்கும் கிளப்புக்குச் சந்தையில் யார் மிஞ்சியிருப்பார்கள்? யாரும் எடுக்காதவர்கள் மிஞ்சியிருப்பார்கள். 3ஆம் எண் ப்ராப் நிச்சயம் இருக்கமாட்டார்.

மோந்தோபானைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2010இல் கடனில் மூழ்கி டாப் 14-இலிருந்து தொழில்முறை அல்லாத அடுக்குக்குத் தள்ளப்பட்ட கிளப் அது. 2024இல் ப்ரோ டி2-வில் 15ஆம் இடம். நார்போனை வென்றுதான் மூன்றாம் அடுக்கான நசியோனாலுக்கு விழாமல் தப்பியது. ஓராண்டு கழித்து 6ஆம் இடத்தில் பிளே-ஆஃபுக்குள் நுழைந்து, தொடர்ந்து மூன்று ஆட்டத்தை ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. அப்படி ஒரு ஏற்றத்தைப் பார்த்துக் கைதட்டாதவருக்கு ரக்பி எதற்கு? விதிப்படி ஆடினார்கள், விதிப்படி ஜெயித்தார்கள். எங்கள் கேள்வி அவர்களிடம் இல்லை. 6ஆம் இடத்துக்கு மூன்று ஆட்டத்தில் திறக்கும் கதவு, முதலிடத்துக்கு 33 ஆட்டத்திலும் திறக்காதபடி கீலை மாட்டியது யார் என்பதுதான் கேள்வி.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

ப்ரோ டி2 சுற்று வெள்ளி இரவு நடப்பது நல்ல ஏற்பாடு. சனி, ஞாயிறு கிராமத்து கிளப்புகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மைதானம் கிடைக்கிறது. கனால் ப்ளுஸ் சேனலுக்கும் ஒரே இரவில் பல மைதானம் மாறி மாறிக் காட்ட வசதி. அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆட்டத்தைப் பிய்த்து வியாழன் இரவு 21:00 மணிக்கு வைக்கிறீர்களே, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பியாரிட்ஸ் அணி ஒயோனாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்லாண்டிக் கரையிலிருந்து ஜூரா மலையடிவாரம். சாலை வழியே 800 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டம் 21:00 மணிக்குத் தொடங்கினால், இடைவேளையும் வீடியோ நடுவரின் நிறுத்தங்களும் சேர்ந்து 22:50 வாக்கில் முடியும். குளியல், தையல் போட வேண்டியவருக்குத் தையல், முழங்காலுக்கு ஐஸ் கட்டி, ஊக்கமருந்துச் சோதனைக்குப் பெயர் விழுந்தவர் சிறுநீர் வரும் வரை காத்திருப்பு, டப்பாவில் பாஸ்தாவும் கோழியும். பஸ் கிளம்ப நள்ளிரவு தாண்டிக் கால் மணி. பிரான்சில் நெடுஞ்சாலையில் பயணிகள் பஸ்ஸுக்கு உச்ச வேகம் மணிக்கு 100. ஐரோப்பிய விதிப்படி ஒரு டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. ஆக இரண்டாவது டிரைவர் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. அதுவும் கிளப் செலவு. ஊர் போய்ச் சேர மறுநாள் காலை பத்து மணி. இரண்டு மீட்டர் உயரமுள்ள லாக் (ஸ்க்ரமின் இரண்டாம் வரிசை ஆள்) ஒருவர் அந்த இருக்கையில் முழங்காலை எங்கே வைப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறோம். விமானம் அமர்த்தும் வசதி உள்ள கிளப்புக்கு இந்தக் கதை இல்லை. ஆகவே இது பணக்கார கிளப்புக்கும் ஏழை கிளப்புக்கும் இடையே நீங்களே சேர்க்கும் இன்னொரு வித்தியாசம்.

வெள்ளி இரவு இப்படி ஆடிவிட்டு வந்த அணிக்கு அடுத்த வாரம் வியாழன் விழுந்தால் நிலைமை இன்னும் சிக்கல். வெள்ளியிலிருந்து வெள்ளி என்றால் வாரம் ஒழுங்காக ஓடும்: சனி உடல் தேற்றம், ஞாயிறு விடுப்பு, திங்கள் வீடியோவும் எடைப் பயிற்சியும், செவ்வாய் முட்டி மோதும் முழுப் பயிற்சி, புதன் இளைப்பாறல், வியாழன் லேசான ஒத்திகை, வெள்ளி ஆட்டம். வியாழன் ஆட்டமென்றால் சனி பஸ்ஸில் போய்விட்டது, புதன் ஒத்திகையிலோ பயணத்திலோ போய்விடும். மோதல் பயிற்சிக்கு மிஞ்சுவது திங்கள் ஒன்றுதான். முந்தைய ஆட்டம் முடிந்து மூன்று நாள்கூட முழுதாக ஆகியிருக்காது. பயிற்சியாளருக்கு இரண்டே வழி. வலியோடு இருக்கும் உடம்பை மோதவிடலாம், தசைநார் கிழியும். அல்லது ஸ்க்ரமையும் மோலையும் (பந்து வைத்திருப்பவரைச் சூழ்ந்து கூட்டமாகத் தள்ளுவது) ஒத்திகை பார்க்காமலே களமிறங்கலாம். அப்போது ஸ்க்ரம் சரிந்து கழுத்துக்கு ஆபத்து. வியாழன் ஆடியவருக்கு அடுத்த ஆட்டத்துக்கு எட்டு நாள் கிடைக்கிறதே, சராசரி சரியாகிவிடுகிறதே என்பீர்கள். ஒரு வாரம் ஆறு நாள், மறு வாரம் எட்டு நாள் என்றால் சராசரி ஏழு. தசைநாருக்குச் சராசரி தெரியாது.

மைதானத்துக் கல்லாப்பெட்டியும் இதில் அடி வாங்குகிறது. சிறு கிளப்பின் வருமானம் பெரும்பகுதி உள்ளூர் விளம்பரதாரர், நகராட்சி மானியம், ஆட்ட நாள் விருந்து மேசை, பீரும் சாண்ட்விச்சும் விற்கும் கடை. வியாழன் இரவு 21:00 மணிக்கு வெளியூர் ரசிகர் எவரும் வரமாட்டார்; மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டும். ஒரியாக் மாதிரி 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், ஜனவரி இரவில், ஸ்தாத் ஜான்-அல்ரிக் மைதானத் திண்ணையில் உள்ளூர்க்காரர்களே எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்?

தேசிய அணிகளின் வாரங்களைப் பற்றிச் சுருக்கமாக. டாப் 14 கிளப்புகள் பிரான்ஸ் அணிக்கு ஆள் கொடுத்துத் திண்டாடுவதைப் பற்றி நாடே பேசுகிறது. ப்ரோ டி2-வில் ஜார்ஜியா, போர்த்துகல், ருமேனியா, ஸ்பெயின் வீரர்கள் ஆடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அவர்களுக்கு ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப். 2025இல் அந்த நான்கு நாடுகளும் அதன் வழியாகத்தான் 2027 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. 2023 உலகக் கோப்பையில் துலூஸில் பிஜியை 24-23 என்று வீழ்த்திய போர்த்துகல் அணியில் பலர் ப்ரோ டி2 சம்பளக்காரர்கள். உலக ரக்பி அமைப்பின் 9ஆம் ஒழுங்குவிதிப்படி கிளப் அவர்களை அனுப்பியே ஆக வேண்டும். அனுப்புகிறது. ஆனால் உங்கள் ஆட்டம் அந்த வாரங்களில் முழுமையாக நிற்பதில்லை. ஜார்ஜிய ப்ராப்பைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கிளப், அவர் திபிலிசியில் ஸ்க்ரம் பிடிக்கும் வாரத்தில் இங்கே அகாடமிப் பையனை நிறுத்துகிறது. இதனால் வேறொன்றும் நடக்கிறது: கிளப்புகள் ஒப்பந்தம் போடும்போதே “தேசிய அணிக்கு ஆடாமலிருந்தால் நல்லது” என்று காதில் போடத் தொடங்குகின்றன. உலக ரக்பி விரிய வேண்டுமென்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இது அழகல்ல.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம். தலைகீழ்ப் புரட்சி எதையும் கேட்கவில்லை. தொலைக்காட்சிக்குத் தேவையான இறுதிப் போட்டியையும் கேட்டுப் பறிக்கவில்லை.

முதலாவது, மற்றவற்றைவிட முக்கியமானது: 30 சுற்று முடிவில் முதலிடம் பெறும் அணி ப்ரோ டி2 சாம்பியனாக அறிவிக்கப்பட்டு நேரே டாப் 14-க்கு ஏற வேண்டும், அங்கே 14ஆவதாக வந்தவர் இறங்க வேண்டும். 2 முதல் 5ஆம் இடம் வரை வந்தவர்கள் அரையிறுதியும் இறுதியும் ஆடட்டும். அந்த இறுதியில் ஜெயித்தவர், தோற்றவரல்ல, 13ஆம் இடத்து டாப் 14 அணியைத் தன் ஊரில் சந்திக்கட்டும். இறுதிப் போட்டி இருக்கிறது, நுழைவுப் போட்டியும் இருக்கிறது, ஒளிபரப்பாளருக்கு ஓர் இரவும் நட்டமில்லை. மாறுவது ஒன்றுதான்: தோற்ற காயத்தோடு வருபவருக்குப் பதில் ஜெயித்த சூட்டோடு வருபவர் அந்த ஆட்டத்துக்கு வருவார். முதலிடம் உறுதியானவர்கள் கடைசி வாரங்களில் ஒப்பேற்றுவார்கள் என்ற பழைய குறைக்கும் மருந்துண்டு. சீசனின் கடைசி ஐந்து சுற்றில் ஆட்டப் பட்டியலின் 23 பேரில் இத்தனை பேர் அதுவரை பாதி ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர்களாக இருக்க வேண்டும் என்று ஓர் எண்ணை விதியில் எழுதுங்கள்.

2025-26 சீசனுக்கு இதைச் செய்யக் காலம் இல்லை என்றால், இந்தச் சீசனுக்கு மட்டும் இடைக்கால ஏற்பாடாக, இறுதிப் போட்டிக்கும் நுழைவுப் போட்டிக்கும் இடையே 14 நாள் விடுங்கள். டாப் 14 பிளே-ஆஃப் அந்த வாரங்களில் நடந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே நாட்காட்டியில் இடம் இருக்கிறது. ஜூன் 30 ஒப்பந்தத் தேதியோடு இது இடிக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இதைத் தற்காலிகம் என்கிறோம்.

இரண்டாவது: ஏறிய கிளப்புக்கும், நுழைவுப் போட்டி ஆடிய இரு கிளப்புக்கும், செப்டம்பர் முடிவு வரை கூடுதலாக மூன்று வீரர்களைச் சேர்க்க அனுமதி வேண்டும். அதில் குறைந்தது ஒருவர் முன்வரிசைக்காரராக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது: முந்தைய வெள்ளியன்று 400 கிலோமீட்டருக்கு அப்பால் போய் ஆடிய அணிக்கு அடுத்த வியாழன் ஆட்டம் கூடாது. வியாழன் ஆட்டத்துக்கே, இரு ஊருக்கும் இடையே சாலைத் தூரம் 300 கிலோமீட்டரைத் தாண்டாத ஜோடிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். துலூஸைச் சுற்றியே கொலோமியே, மோந்தோபான் என்று எத்தனை ஊர்கள் மாறி மாறி இந்த அடுக்கில் இருந்திருக்கின்றன, ஜோடிக்கா பஞ்சம்? அப்படியும் தொலைதூர ஆட்டம்தான் வேண்டுமென்று ஒளிபரப்பாளர் அடம்பிடித்தால், விருந்தாளி அணியின் அன்றைய இரவு விடுதிச் செலவை ஒளிபரப்புப் பணத்திலிருந்து கொடுங்கள். தேதிகளை எட்டு வாரம் முன்பே உறுதி செய்து வெளியிடுங்கள்.

நான்காவது: ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப்பின் எல்லா வாரங்களிலும் ப்ரோ டி2 நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய வாரங்களை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் சீசனை ஒரு வாரம் முன்னால் இழுக்கலாம். கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு சுற்றைக் கூடுதலாக வைக்கலாம், அப்போது மைதானமும் நிரம்பும். அதுவும் முடியாதென்றால், ஒரு கிளப் மூன்று வீரர்களுக்கு மேல் தேசிய அணிகளுக்குக் கொடுத்திருக்கும் வாரத்தில் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கோரும் உரிமையை அந்த கிளப்புக்குக் கொடுங்கள்.

ஐந்தாவது: இந்த நான்கையும் நிர்வாகக் குழு எப்போது விவாதிக்கும், 16 கிளப் தலைவர்களோடு வீரர் சங்கத்தையும் ரசிகர் மன்றங்களையும் எந்தக் கூட்டத்துக்கு அழைக்கும் என்பதை, 2025-26 சீசனின் முதல் சுற்று தொடங்கும் முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஏற்க முடியாத கோரிக்கை எதுவானாலும், ஏன் முடியாது என்பதற்கான காரணத்தையும் அதே அறிவிப்பில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ப்ரோ டி2-வைத் தமிழில் பின்தொடரும் ரசிகர்கள்